எதிர்நீச்சல் போடும் ஹீலியம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், அப்பாவின் சைக்கிள் டியூப் பஞ்சரானால் வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்ப்பது என் வேலை. பிறகு ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தேன். 1985 அக்டோபரில் வெள்ளீயச் சந்தை சரிந்து, லம்பங்கள் என்று நாங்கள் சொல்லும் ஈயச் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த நேரம் அது.

தொழிற்சாலையில் குமிழி உதவவில்லை. சீல் வைத்த உலோகக் கூட்டில் நாங்கள் தேடிய ஓட்டை வழியாக ஒரு கன சென்டிமீட்டர் வாயு கசிய மூன்று வருஷம் பிடிக்கும். கூடுகளை ஹீலியம் அழுத்தத்தில் மணிக்கணக்கில் ஊறவைத்து, பிறகு வெற்றிடத்தில் வைத்து, உள்ளே புகுந்தது வெளியே வருகிறதா என்று பார்ப்போம். ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்து ஹீலியத்தைப் பிடிக்கும் அந்தக் கசிவுக் கருவியின் பூர்வீகம் அணுகுண்டுத் திட்டம். ஓக் ரிட்ஜ் யுரேனிய ஆலையின் கசிவுகளைப் பிடிக்க 1940களில் ஆல்பிரட் நியர் உருவாக்கியது.

வெற்றிடம் உண்டாக்க எனக்குக் கிடைத்தது பழைய ரகம், டிஃப்யூஷன் பம்ப். அடியில் எண்ணெய் கொதிக்கும். அதன் ஆவி பீறிட்டுக் காற்றைக் கீழே தள்ளும். அந்த ஆவி ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஏறிவிடாமல் நடுவே மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் பொறி. ஓர் இரவு நைட்ரஜன் ஊற்ற மறந்தேன். பொறி சூடேறி, உறைந்திருந்ததெல்லாம் கிளம்பி, ஸ்பெக்ட்ரோமீட்டரின் ஃபிலமென்ட் போயிற்று. சூப்பர்வைசர் அண்ணன் திட்டவில்லை. ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து வந்தது டர்போ. 1958இல் ஜெர்மனியின் வில்லி பெக்கர் அறிமுகப்படுத்திய பம்ப். அசுர வேகத்தில் சுழலும் தகடுகள் வாயு மூலக்கூறுகளை அடித்து விரட்டும். கனமான நைட்ரஜன் அடங்கிப் போகும்; ஹீலியம் லேசு, தகடுகளுக்கு இடையே நழுவித் திரும்பிவிடும். பம்புக்கு இது குறை. அந்தக் குறையையே முதலாக்கியவர்களைத்தான் நான் கெட்டிக்காரர்கள் என்பேன்: சோதிக்கும் பொருளைப் பம்பின் வெளியேறும் பக்கத்தில் மாட்டினார்கள். காற்று மேலே ஏற முடியாமல் நிற்க, ஹீலியம் மட்டும் எதிர்நீச்சல் போட்டு ஸ்பெக்ட்ரோமீட்டரை எட்டியது. நைட்ரஜன் குடுவைக்கு வேலை போயிற்று. ஆழ்ந்த வெற்றிடத்துக்காகக் காத்துக் கிடப்பதும் குறைந்தது.

ஒரு தொல்லை மிச்சமிருந்தது: டர்போவுக்குப் பின்னால் நிற்கும் துணைப் பம்பின் எண்ணெயில் ஹீலியம் கரைந்து, பிறகு மெல்லத் திரும்பிப் பொய்க் கணக்குக் காட்டும். எண்ணெயில்லாத ஸ்க்ரோல் பம்ப் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது.

அப்பா ஆயுசு முழுக்க ரப்பருக்காகப் பால்மரம் வெட்டினார். ஆனால் எங்கள் கருவியின் இணைப்புகளை அடைக்கும் வளையங்கள் எல்லாமே செயற்கை ரப்பர். இயற்கை ரப்பரை ஹீலியம் சுலபமாக ஊடுருவிவிடும்.