சப்பாத்திக்கள்ளியும் தப்பான பூச்சியும்

கோவளம் பக்கம் கடற்கரை மணலில் குட்டையாகப் படர்ந்து கிடக்கும் சப்பாத்திக்கள்ளியின் மடலில் சில சமயம் பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக ஏதோ இருக்கும். குச்சியால் சுரண்டி நசுக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக வரும். முதல் தடவை என் விரலில் முள் குத்திவிட்டது என்றுதான் நினைத்தேன். (முள்ளும் குத்தியிருந்தது, அது வேற கதை.)

அந்தச் சிவப்புக்கு ஒரு காலத்தில் பெரும் விலை. மெக்சிகோவில் கள்ளியில் வளர்க்கும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சாயம் அது. ஸ்பெயின் அந்த வியாபாரத்தைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது. பிரிட்டிஷ் அதிகாரியின் சிவப்புக் கோட்டுக்குச் சாயமும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

1786-ல் மதராஸில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் புல்லில் ஒரு பூச்சியைப் பார்த்தார். கொச்சினீலேதான் என்று லண்டனுக்கு, ஜோசப் பேங்க்ஸுக்கு, கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். அது கொச்சினீல் இல்லை. ஆனாலும் யோசனை கம்பெனிக்குப் பிடித்துவிட்டது. நிஜப் பூச்சி கிடைக்கும் முன்னாடியே சைதாப்பேட்டையில் அதற்குத் தீனியாகக் கள்ளித் தோட்டம் போட்டார்கள். டேட்டாவே வராமல் டேஷ்போர்டு கட்டுகிற வேலை, நானும் செய்திருக்கிறேன்.

1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சி வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். அதுவும் தப்பான பூச்சிதான். கொச்சினீலின் காட்டு உறவு; சாயம் மட்டம். ஆனால் பசி அபாரம். பெண் பூச்சி மடலில் வாயைக் குத்திவிட்டால் அந்த இடத்தைவிட்டு நகராது. வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதே பிரேசிலைச் சேர்ந்த கள்ளி வகை ஒன்று இங்கே பரவியிருந்தது. அது கூட்டம் கூட்டமாகச் செத்தது. களையை ஒழிக்க 1830-களில் இதே பூச்சியைத் தெற்கே வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். பூச்சியை வைத்துக் களையை அடக்கிய முதல் வெற்றி என்று இதைப் பாடநூல்கள் கொண்டாடுகின்றன. என்னைக் கேட்டால், ஆரம்பம் வெறும் குருட்டு அதிர்ஷ்டம்.

அதிர்ஷ்டம் அங்கேயே தீர்ந்தும் போச்சு. நம் சப்பாத்திக்கள்ளி வேறு இனம். கரீபியன், ஃபுளோரிடா கடற்கரை மணல்தான் அதன் பூர்வீகம். பார்க்க ரெண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் பிரேசில் பூச்சி இதைச் சீண்டவில்லை. வேலிக்காக நட்ட செடி வேலியைத் தாண்டி மேய்ச்சல் நிலத்துக்கும் தரிசுக்கும் போனது. வெட்டிப் போட்டால் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டு ஒரு செடி. பழத்தைத் தின்ற பறவைகள் விதையை இன்னும் தூரம் கொண்டுபோயின. மாடு ஓட்டிப் பிழைத்தவனுக்கு நிலம் கண்ணெதிரே முள்ளாக மாறியது.

1926-ல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சி வந்தது. முந்தையதன் நெருங்கிய சொந்தம். கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் இது சப்பாத்திக்கள்ளியைத் தின்னும். பூச்சி பிடித்த மடல்களைப் புதர்களில் வைத்தால் போதும். சில வருஷத்தில் தென்னிந்தியாவில் சுமார் ஒரு லட்சம் ஏக்கர் வெளுத்தது. சைதாப்பேட்டைக்காரர்கள் தேடிய நிஜக் கொச்சினீல் இதுவும் இல்லை.

செடி முழுசாக அழியவில்லை. செடி குறைந்தால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் செடி தலைதூக்கும். கோவளம் மணலில் நான் நசுக்கியது அப்படி மிச்சமிருந்த ஒன்று. சட்டையில் பட்ட கறை மூணு துவைப்புக்கும் போகவில்லை.