செத்துப் போகாத நண்டு - சட்டை உரித்தலின் கதை

பாம்பு சட்டை உரிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நண்டும் சட்டை உரிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயம் தெரியாததால், ஆசை ஆசையாக வாங்கி வளர்க்கப்பட்ட துறவி நண்டுகள் பல உயிரோடு இருக்கும்போதே குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கின்றன!

துறவி நண்டின் முன்பாதிக்குத்தான் கெட்டியான கவசம். பின்பாதி மெத்தென்று இருக்கும். அதைக் காப்பாற்ற, செத்துப்போன கடல் நத்தையின் கூட்டுக்குள் புகுந்துகொண்டு, அதையும் சுமந்தபடியே திரியும். உடம்பு பெருத்தால் பெரிய கூடாகப் பார்த்து மாறிக்கொள்ளும். இது வீடு மாற்றுவது மாதிரி. சட்டை உரிப்பது வேறு. அதன் சொந்தக் கவசம் வளராது. எனவே அவ்வப்போது பழைய கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது கெட்டியாகும் வரை காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். இந்தச் சின்ன நண்டு வளர வளரப் பெரிய கூட்டுக்குக் குடிபோவதைத் தம்முடைய விலங்குகள் பற்றிய நூலில் எழுதினார். நண்டுகள் பழைய தோலைக் கழற்றும் என்றும், கழற்றிய பிறகு உடல் மென்மையாகிச் சரியாக நடக்கக்கூட முடியாது என்றும் குறிப்பிட்டார்.

அதன் பிறகு பெரிய முன்னேற்றம் பிரான்ஸில் வந்தது. ஆற்றில் வாழும் கிரேஃபிஷ் (சிங்கி இறாலின் உறவு) உடைந்த காலைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் என்பது மீனவர்களின் நம்பிக்கை. ரெயோமூர் என்ற அறிவியலாளர் அதைச் சோதித்துப் பார்த்து, மீனவர்கள் சொன்னது சரிதான் என்று 1712இல் எழுதினார். அந்தப் பிராணி சட்டை உரிப்பதை நேரில் பார்த்து 1718இல் விவரித்தார்.

சரி, உரிக்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்கு எப்படித் தெரிகிறது? 1905இல் அமெரிக்க விலங்கியலாளர் செலெனி, கண் தண்டுகள் நீக்கப்பட்ட நண்டுகள் சீக்கிரமே சட்டை உரிப்பதைக் கண்டார். அதாவது, உரிப்பதைத் தடுத்து வைக்கும் ஏதோ ஒன்று கண் தண்டில் இருக்கிறது! உரிக்கத் தூண்டும் ஹார்மோனைப் பிரித்தெடுக்க இன்னும் 60 ஆண்டுகள் ஆயின. 1966இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஹாம்ப்ஷயரும் ஹார்னும் சுமார் ஒரு டன் சிங்கி இறால் கழிவிலிருந்து எடுத்தது வெறும் 2 மில்லிகிராம்.

ஆனால் ஆய்வகத்தில் இருந்த அறிவு கடைத்தெருவுக்கு வரவில்லை. 1970களில் அமெரிக்கக் கடற்கரை ஊர்களில், கரீபியன் பகுதியின் தரைவாழ் துறவி நண்டுகள் செல்லப் பிராணிகளாக விற்பனைக்கு வந்தன. ஒரு கம்பிக் கூண்டு, அடியில் கொஞ்சம் கூழாங்கல், ஈரத்துக்கு ஒரு பஞ்சு, அவ்வளவுதான். 'கவனிப்பே தேவையில்லாத பிராணி' என்று சொல்லி விற்றார்கள். தரைவாழ் துறவி நண்டு ஈர மண்ணுக்குள் குழி தோண்டி, இருட்டில் தனியாக இருந்துதான் சட்டை உரிக்கும். கூழாங்கல்லில் எங்கே தோண்டுவது?

அப்படியே மண் இருந்தாலும் அடுத்த ஆபத்து மனிதர்களின் அவசரம். சின்ன நண்டு சில வாரங்கள் மண்ணுக்குள் கிடக்கும். பெரியது 2 மாதம், அதற்கு மேலும் கிடக்கும். "செத்துப் போச்சோ?" என்று தோண்டிப் பார்ப்பவர் கண்ணில் படுவது, அசையாத, வெளிறிய, மெழுகு போன்ற ஓர் உடல். உடனே தூக்கி எறிந்துவிடுவார்கள். எறியாவிட்டாலும், அந்த நிலையில் கை பட்டாலே மெல்லிய தோல் கிழிந்துவிடலாம்.

1990களின் பிற்பகுதி முதல், நண்டு வளர்ப்பவர்கள் இணையத்தில் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தபின் நிலைமை மாறியது. அவர்கள் வந்து சேர்ந்த விதிகள் எளிமையானவை:

* மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து, பெரிய நண்டின் உயரத்தைப் போல 3 மடங்கு ஆழமாவது நிரப்ப வேண்டும். மணல் வீடு கட்டும் பதத்துக்கு ஈரம் இருக்க வேண்டும்.
* காற்றிலும் ஈரப்பதம் வேண்டும். நண்டு ஈரமான செவுள்களால்தான் மூச்சு விடுகிறது.
* குளோரின் இல்லாத நல்ல தண்ணீர் ஒரு கிண்ணத்திலும், கடல் உப்பு கலந்த தண்ணீர் இன்னொன்றிலும் இருக்க வேண்டும்.
* கழற்றிய சட்டையை எடுக்கவே கூடாது. அதைத் தின்றுதான் நண்டு சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறுகிறது.
* எல்லாவற்றுக்கும் மேலாக, தோண்டக் கூடாது! அழுகிய மீன் நாற்றம் வராதவரை அது உயிரோடு இருப்பதாகவே எண்ண வேண்டும்.

இதனால் என்ன பயன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கடையில் வாங்கிய பல நண்டுகள் சில மாதங்களிலேயே செத்துவிடும். ஆனால் புளோரிடாவில் ஒரு பெண்மணி 1976இல் வாங்கிய நண்டு 30 ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்தது!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த நண்டின் குஞ்சுகள் கடலில் மிதந்து, பல நிலைகளைக் கடந்தே கரை ஏறும். 1962இல் புரவென்சானோ அவற்றை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினாலும், அது வியாபாரமாகக் கைகூடவில்லை. கடையில் இருக்கும் நண்டுகளில் ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு கடற்கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவை. ஜப்பான் தன் தரைவாழ் துறவி நண்டுகளை 1970இலேயே இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துப் பாதுகாத்தது.

ஒரு நண்டு செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்று நினைப்பது சுலபம். அந்த இன்னொன்றும் ஒரு கடற்கரையிலிருந்துதான் வர வேண்டும். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு, 2 மாதம் பொறுமையாக இருந்தால் போதும். மண்ணைத் தள்ளிக்கொண்டு பளபளவென்று புதுச் சட்டையோடு அதே நண்டு மேலே வரும்.