வடிவம் சரி, முகவரி தவறு



நம் ஊருக்கு வழி சொல்வது சங்க காலத்துப் பழக்கம். மலைபடுகடாம் முழுவதும் செங்கண்மாவில் இருந்த நன்னனிடம் போகக் கூத்தர்களுக்கு வழி காட்டும் ஆற்றுப்படைதான். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். வழி தப்பினால் பரிசில் இல்லை. மின்னஞ்சல் முகவரியும் அப்படித்தான் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலைக் கிராமத்து மாணவி ஒருத்திக்குக் கல்லூரி விண்ணப்பம் போட ஒரு கணினி மையத்துக்குப் போனோம். முகவரியைத் தட்டியது நான். ஜிமெயில் என்பதில் இரண்டு எழுத்து இடம் மாறிவிட்டது. திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. "சரி" என்று ஏற்றுக்கொண்டது. அழைப்புக் கடிதம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அவளுக்கு ஒரு வருடம் போனது.

கணினி ஏன் பிடிக்கவில்லை? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

1950களில் ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் எழுத்துத் தொடர்களின் அமைப்பைச் சொல்லும் குறியீட்டு முறையை வகுத்தார். அதுவே 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்'. 1968ல் கென் தாம்சன் அதை வைத்துக் கணினியில் எழுத்துகளைத் தேடும் வழியை வெளியிட்டார். 1971ல் ரே டாம்லின்சன் ஆள் பெயரையும் கணினிப் பெயரையும் பிரிக்க @ குறியை வைத்தார். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15ல். பிறகு எல்லா விண்ணப்பத்திலும் மின்னஞ்சல் கட்டம் வந்தது. அதைச் சோதிக்க கிளீனியின் முறை கைகொடுத்தது. முதலில் சில எழுத்து, ஒரு @, மறுபடி சில எழுத்து, ஒரு புள்ளி, கடைசியில் இரண்டு எழுத்தாவது. அவ்வளவுதான் சோதனை.

நம் நன்னூல் இதே வேலையைச் செய்கிறது. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் 22 என்கிறது. றகரத்தில் ஒரு சொல் தொடங்கினால் அது தமிழ்ச் சொல் இல்லை என்று உடனே சொல்லலாம். ஆனால் 'பெகிடு' என்று எழுதினால்? விதிப்படி குற்றமில்லை, பொருளும் இல்லை. விதி வடிவத்தைப் பார்க்கும். பொருள் உண்டா என்று பார்க்காது. பின்கோடும் அப்படியே. 1972 ஆகஸ்ட் 15ல் வந்த அந்த 6 இலக்கம் முழுதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், வேறு ஊர் எண்ணும் தேறிவிடும்.

இன்னொரு பக்கம், சரியானதையும் இந்தச் சூத்திரங்கள் தள்ளிவிடும். கடைசிப் பகுதி 4 எழுத்துக்கு மேல் போகாது என்று எழுதிவைத்தவர்கள் உண்டு. 2001ல் 'மியூசியம்' என்று ஆங்கிலத்தில் 6 எழுத்துப் பெயர் வந்ததும் அது பொய்த்தது. 2010, 2011ல் இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் என்று தமிழிலேயே முகவரி முடிவுகள் வந்தன. 2012ல் @ குறிக்கு முன்னாலும் தமிழில் எழுத விதி வகுத்தார்கள். ஆனால் 'ஏ முதல் இசட் வரை' என்று எழுதிய சூத்திரம் தமிழை ஏற்காது. "எந்த மொழி எழுத்தும் வரலாம்" என்று திருத்தினாலும் போதாது. யூனிகோடில் நம் புள்ளியும் கால், கொம்பும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கின்றன. குறிகளையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் 'அம்மா' கூடத் தேறாது! தொல்காப்பியர் புள்ளி வைத்த எழுத்தை மெய்யெழுத்து என்றார். கணினி அந்தப் புள்ளியைத் தனியே பிரித்துவிட்டது.

அப்படியானால் வழி? முகவரிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் வெற்றிடம் நீக்கி, இருமுறை வந்ததைக் களைந்து, @ இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மீதியை ஒரு கடிதம் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்துத்தான் உறுதி செய்யவேண்டும். வேறு சோதனை எதுவும் இதற்கு ஈடாகாது.

இது கல்லூரி விண்ணப்பக் காலம். நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாக மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்கு, விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர்கள் முகவரியை அவர்களையே ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள். உறுதிக் கடிதம் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

அன்று நான் அதைச் செய்யவில்லை.