ஊறலும் நொதித்தலும்: நீலகிரி இல்லங்களில் பழமதுத் தயாரிப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

பழங்களை வடிமதுவில் ஊறவைத்து மணமும் நிறமும் ஏற்றும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குடியேற்றத்துடன் நீலகிரிக்கு வந்தது. இன்று அம்மலையில் 'வீட்டு ஒயின்' எனப்படுவது பெரும்பாலும் நொதித்த பழச்சாறே. ஊறலின் இடத்தை நொதித்தல் பெற்றதற்கு மதுவிலக்குச் சட்டமே முதன்மைக் காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பதையும், சட்டமும் வழக்குச் சொல்லும் வெவ்வேறான செயல்முறைகளை ஒன்றாகக் கருதியதன் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீலகிரி, லவ்டேல், ஊறல், நொதித்தல், அப்காரி, மதுவிலக்கு, ஆங்கிலோ இந்தியர்

முன்னுரை

குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையில், கேத்திப் பள்ளத்தாக்கைக் கடந்ததும் மலை இரயில் நிற்கும் சிறிய நிலையம் லவ்டேல். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,190 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூரின் அடையாளம் லாரன்ஸ் பள்ளி. இப்பள்ளியையும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் பற்றிய எழுத்துகள் பல உள்ளன. ஆனால், இவ்வட்டாரத்து வீடுகளின் சரக்கறைகளில் பிளம்ஸ், பீச்சஸ், பேரிக்காய், தாட்பூட்பழம் ஆகியவை கண்ணாடிக் குடுவைகளில் அடைந்த மாற்றத்துக்குத் தனி வரலாறு எழுதப்படவில்லை. சமையலறைச் செய்திகள் அரசு ஆவணங்களில் அரிதாகவே பதிவாகும். பதிவானாலும் அவை பெரும்பாலும் குற்றமாகவே பதிவாகும். ஆகவே இவ்வழக்கத்தைச் சொல் வரலாறு, தோட்டக்கலை வரலாறு, சட்ட வரலாறு ஆகிய மூன்றன் துணையோடு மீட்டுருவாக்க வேண்டியுள்ளது.

1. ஊறல்: சொல்லும் செயல்முறையும்

பழத்திலிருந்து மது பெறும் முறைகள் மூன்று. பழச்சாற்றின் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுவது நொதித்தல். நொதித்த நீரைச் சூடாக்கி ஆவியைக் குளிர்வித்துச் சேர்ப்பது வடித்தல். முன்னரே வடித்த மதுவில் பழத்தை இட்டு, அதன் நிறம், மணம், சுவை ஆகியவற்றை இறங்கச் செய்வது ஊறவைத்தல். இம்மூன்றாவது முறையில் புதிதாக ஆல்கஹால் உண்டாவதில்லை. மாறாக, பழத்தின் நீர் கலப்பதால் மதுவின் செறிவு குறைகிறது. 40 விழுக்காடு செறிவுள்ள பிராந்தியிலோ ரம்மிலோ நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. எனவே பழம் கெடாமல் மாதக்கணக்கில் நிற்கிறது. எனவே ஊறவைத்தல் மதுத் தயாரிப்பு என்பதைவிடப் பழப்பாதுகாப்பு என்பதற்கே நெருக்கமானது.

தமிழ் மரபு இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. சித்த மருத்துவம் கூறும் 32 வகை உள்மருந்துகளுள் தேனூறலும் தீநீரும் தனித்தனியே இடம்பெறுகின்றன. இஞ்சி, நெல்லி, கடுக்காய் முதலியவற்றைத் தேனில் இட்டுப் பதப்படுத்துவது தேனூறல். வாலையில் வடித்துப் பெறுவது தீநீர். பழத்தையும் காயையும் ஒரு காப்பு ஊடகத்தில் ஊறவைக்கும் நுட்பம் தமிழ்ச் சமையலுக்கும் புதிதன்று. ஊறுகாய் என்னும் சொல்லே அதற்குச் சான்று. இங்கு ஊடகம் தேனாகவோ உப்பாகவோ எண்ணெயாகவோ இருந்தது, மதுவாக இருக்கவில்லை.

இல்லத்தில் மது அடும் வழக்கமும் தொன்மையானதே. வீட்டில் அடப்பட்ட தோப்பியைப் பெரும்பாணாற்றுப்படை குறிப்பிடுகிறது. மூங்கிலில் முதிரவைத்த தேன்மதுவை மலைவாழ் குறவர் சுற்றத்தோடு அருந்திக் குரவையாடுவதைத் திருமுருகாற்றுப்படை காட்டுகிறது. அங்கும் செயல்முறை நொதித்தலே.

பிற்காலத்தில் 'ஊறல்' என்ற சொல்லுக்கு மற்றொரு பொருள் ஏறியது. காவல்துறை அறிக்கைகளிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் ஊறல் என்பது சாராயம் காய்ச்சுவதற்காக வெல்லமும் பட்டையும் இட்டு நொதிக்கவைத்த கலவையைக் குறிக்கிறது. 'ஊறல் அழிப்பு' என்பது நிலைத்த செய்தித்தொடராகிவிட்டது. மருத்துவ வழக்கில் பாதுகாப்பைச் சுட்டிய சொல், காவல் வழக்கில் குற்றத்தின் முதற்கட்டத்தைச் சுட்டலாயிற்று. செயல்முறைகளுக்கு இடையிலான வேறுபாடு சொல்லளவில் மங்கியதை இப்பொருள் மாற்றம் உணர்த்துகிறது.

2. மலைக்கு வந்த பழமும் மதுவும்

நீலகிரியின் மேட்டுநிலத்தில் பனையோ தென்னையோ வளர்வதில்லை. சமவெளியின் கள் மரபுக்கு அங்கு இயற்கையான அடிப்படை இல்லை. சாராயம் பெரும்பாலும் கீழிருந்தே மலையேறியது. இன்று ஊட்டியின் அடையாளமாகக் கருதப்படும் பழங்களும் வந்தேறிகளே. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலைக்கு வந்த பின் ஐரோப்பியப் பழமரங்களும் காய்கறிகளும் அங்கு ஊன்றப்பட்டன. ஆளுநர் லஷிங்டன் காலத்தில், லவ்டேலுக்கு அண்மையிலுள்ள கேத்தியில் அரசு சோதனைப் பண்ணை அமைந்தது. 1848இல் தொடங்கிய உதகமண்டலத் தாவரவியல் பூங்காவும், 1874இல் உருவான குன்னூர் சிம்ஸ் பூங்காவும், 1920இல் குன்னூரில் நிறுவப்பட்ட பழவியல் நிலையமும் இம்முயற்சியின் தொடர்ச்சியாகும்.

பழம் வந்தது, அதனுடன் ஒரு சிக்கலும் வந்தது. பிளம்ஸும் பீச்சஸும் கோடையில் சில வாரங்களுக்குள் ஒருசேரப் பழுத்து உதிர்கின்றன. பேரிக்காய் அவற்றைத் தொடர்ந்து மழைக்காலத்தில் முதிர்கிறது. மலை இரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகமண்டலத்தையும் எட்டும்வரை, எளிதில் நசுங்கும் இப்பழங்களை வண்டிகளில் சமவெளிக்கு இறக்குவது எளிதன்று. ஆகவே மிகுதியான விளைச்சல் அங்கேயே பதப்படுத்தப்பட வேண்டியிருந்தது. ஜாம், ஜெல்லி, பழமது ஆகிய மூன்றும் இத்தேவையின் விடைகள். பழம் பழுக்கும் கோடைக்கும் விருந்து நிகழும் டிசம்பருக்கும் இடையிலான மாத இடைவெளியை நிரப்பியது ஊறல் குடுவை.

ஊறவைப்பதற்கான அறிவு ஆங்கிலேய இல்லத்தரசிகளின் சமையல் நூல்களோடு வந்தது. 1861இல் நூலாக வெளிவந்த பீட்டன் அம்மையாரின் இல்ல மேலாண்மை நூலில் ஆரஞ்சுப் பிராந்தியும் இஞ்சி ஒயினும் சமையற்குறிப்புகளாக இடம்பெற்றுள்ளன. அந்நூலில் ஊறுகாய்க்கும் பழப்பிராந்திக்கும் இடையே ஒழுக்க வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டும் நல்ல இல்லத்தின் சேமிப்புகளே. ஊறவைப்பதற்கான வடிமதுவைப் பெறவும் வழியிருந்தது. 1826இல் சென்னையில் தொடங்கிய மெக்டவல் நிறுவனம் ஒயினும் வடிமதுவும் இறக்குமதி செய்து விற்றது. வெலிங்டனில் படைமுகாமும், உதகமண்டலத்தில் மரி நிறுவனத்தின் பீர் ஆலையும் இருந்தன.

இதே மதுவின் மறுபக்கத்தை லவ்டேல் நன்கு அறியும். சர் ஹென்றி லாரன்ஸின் நினைவாக 1858இல் உதகமண்டலத்தில் தொடங்கிப் பின்னர் லவ்டேலுக்கு மாறிய லாரன்ஸ் இல்லம், ஐரோப்பியப் படைவீரரின் பிள்ளைகளை வெப்பநிலத்தின் தாக்கத்திலிருந்தும் படைமுகாம் வாழ்வின் ஒழுக்கச் சீர்கேட்டிலிருந்தும் காப்பதை நோக்கமாகக் கொண்டது. அச்சீர்கேட்டுள் குடியும் அடங்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. படைவீரன் கையில் ரம் சீர்கேடாகவும், அதிகாரியின் இல்லத்தில் பிராந்தியில் ஊறிய பழம் விருந்தோம்பலாகவும் கொள்ளப்பட்டன. ஒரே பொருளை வகுப்பு நோக்கில் இருவகையாக மதிப்பிட்ட பார்வை இது.

3. சமையற்குறிப்பும் குற்றமும்

1886ஆம் ஆண்டின் மதராஸ் அப்காரிச் சட்டம் மதுத் தயாரிப்பையும் விற்பனையையும் அரசின் உரிமத்துக்கு உட்படுத்தியது. குடியைக் குறைப்பதைவிட வருவாயை உறுதிசெய்வதே இவ்வமைப்பின் அடிப்படை. இல்லத்தில் காய்ச்சிக் குடித்துவந்த குடிகள் இதனால் உரிமம் பெற்ற கடையின் வாடிக்கையாளராயினர், மறுத்தவர்கள் குற்றவாளிகளாயினர்.

அப்காரிச் சட்டங்களின் வரையறைகள் இங்குக் கருதத்தக்கவை. இயற்கையாகவோ செயற்கையாகவோ மது உண்டாகும் எந்தச் செயல்முறையும் தயாரிப்பு ஆகும் என்பது அவற்றின் பொதுவான வாய்பாடு. 1914ஆம் ஆண்டின் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டம் மதுவுக்குச் சுவையூட்டுவதையும் கலப்பதையும் நிறமேற்றுவதையும்கூடத் தயாரிப்பு என்பதனுள் அடக்கியது. பஞ்சாபின் இவ்வரையறையை எழுத்துக்கு எழுத்து பொருத்தினால், தீர்வை செலுத்தி வாங்கிய ஒரு பாட்டில் பிராந்தியில் பிளம்ஸைப் போடுவதும் தயாரிப்பே. எனினும் சமையற்குறிப்பு நூல்கள் தடையின்றி அச்சாகிப் பரவின. சட்டம் எல்லாரையும் தழுவுவதாக எழுதப்பட்டிருந்தாலும், சோதனையிடுவோரின் கண் காய்ச்சும் பானையைத் தேடிய அளவுக்குச் சரக்கறைக் குடுவையைத் தேடவில்லை என்றே கொள்ள வேண்டும்.

4. மதுவிலக்கும் நொதித்தலின் எழுச்சியும்

இராஜாஜி தலைமையிலான அரசு 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தை அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தியது. விடுதலைக்குப் பின், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கின்கீழ் வந்தது. மதுவைத் தயாரித்தல், கொண்டுசெல்லல், வைத்திருத்தல், அருந்துதல் ஆகிய அனைத்தும் தடைசெய்யப்பட்டன. அயல்நாட்டினர், உடல்நலக் காரணம் காட்டியோர் முதலிய சிலருக்கே அனுமதிச்சீட்டு கிடைத்தது. இத்தடை 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் முழுமையாகி, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் உருவாகி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன்வசம் கொண்டது.

ஊறவைத்தலுக்கு வடிமது மூலப்பொருள். அதைக் கடையில் வாங்கியாக வேண்டும். நொதித்தலுக்கோ பழம், சர்க்கரை, நீர், சிறிது ஈஸ்ட் ஆகியவை போதும். இவை எதற்கும் தடையில்லை. பழத்தோலில் இயல்பாகவே ஈஸ்ட் ஒட்டியிருக்கும். 1948 முதல் 1971 வரை ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கு வடிமது சட்டப்படி கிடைக்காதபோது, பழமதுவை விரும்பிய இல்லம் நொதித்தலையே நாடியிருக்க முடியும். ஐரோப்பியர் வெளியேறிய பின் இவ்வழக்கத்தைப் பேணிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் பிற கிறித்தவக் குடும்பங்களும் கிறிஸ்துமஸ் ஒயினை நொதித்தே தயாரிப்பதும், இன்று நீலகிரியில் இல்ல மது என்றாலே ஒயின் எனப் பொருள்படுவதும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றன. தயாரிப்பைத் தடுக்க வந்த சட்டம், புதிதாக ஆல்கஹாலை உண்டாக்காத முறையை ஒழித்து, உண்டாக்கும் முறையை வளர்த்தது என்பதே இவ்வரலாற்றின் முரண்.

மலையின் தட்பமும் இதற்கு ஒத்துழைத்தது. சமவெளி வெப்பத்தில் சில நாள்களில் பொங்கி எளிதில் புளித்துப்போகும் சாறு, லவ்டேல் போன்ற ஊர்களின் குளிரில் மெல்ல நொதிக்கிறது. குளிர் மிகுந்தால் ஈஸ்ட் உறங்கிவிடும். ஆகவே அடுப்பங்கரைக்கு அருகில் குடுவையை வைப்பது பயன் தரும். நொதித்தல் 14, 15 விழுக்காட்டை அணுகும்போது ஈஸ்ட் தானே செயலிழக்கிறது. வடித்தல் என்னும் படி இல்லாததால் இம்மது அவ்வளவிலேயே நிற்கிறது.

5. கேக்குக் கலவையில் எஞ்சிய ஊறல்

ஊறல் முற்றிலும் மறையவில்லை. அது குடுவையிலிருந்து கேக்குக் கலவைக்கு இடம் மாறியது. கிறிஸ்துமஸுக்குப் பல வாரங்கள் முன்பே உலர்திராட்சையையும் பழத்தோல் பாகையும் ரம்மில் ஊறவைக்கும் வழக்கம் தமிழகத்தின் வீடுகளிலும் அடுமனைகளிலும் தொடர்கிறது. விடுதிகளில் அது விழாவாகவே நடைபெறுகிறது. இது பழத்தை வடிமதுவில் ஊறவைக்கும் அதே செயல்முறை; வேறுபாடு, நீரை அருந்தாமல் பழத்தை உண்பது மட்டுமே. உணவென்ற பெயர் பெற்றதால் இதை எவரும் மதுத் தயாரிப்பாகக் கருதுவதில்லை.

கோவா இதற்கு மாறான பாதையில் சென்றது. முந்திரிப் பழத்தை நொதித்து வடிக்கும் பெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குடும்பங்கள் வழிவழியாகக் காத்த அறிவு அங்குப் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவாயிற்று. நீலகிரியின் பழமது அறிவோ கைப்பிரதிக் குறிப்பேடுகளிலும் மூத்த பெண்களின் நினைவிலும் நிற்கிறது. அதைப் பதிவுசெய்ய முன்வருவது சட்டமீறலை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்ற தயக்கமும் அதனுடன் நிற்கிறது.

6. இன்றைய பொருத்தம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதையடுத்து மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அக்கொடுமைக்குக் காரணம் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய நச்சுப்பொருளும் அதை விற்ற வணிகமும். பழமோ நொதித்தலோ அல்ல. பழத்தின் பெக்டினிலிருந்து நொதித்தலின்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சிறிய அளவினது. முறையறியாது வடிப்பதே அதைச் செறிவாக்கும் இடருடையது. நல்ல வடிமதுவில் பழத்தை ஊறவைப்பதில் அவ்விடரும் பெரிதாக இல்லை. ஆயினும், ஊறவைத்த மதுவின் பாதுகாப்பு அதன் மூலமதுவின் தூய்மையைப் பொறுத்ததே. மூலம் நஞ்சாயின் பழம் அதை மறைக்கும் இனிப்பாகிவிடும்.

முடிவுரை

நீலகிரியின் இல்லப் பழமது மூன்று கட்டங்களைக் கடந்துள்ளது: காலனியச் சரக்கறையின் ஊறல், மதுவிலக்குக் கால நொதித்தல், இன்றைய கிறிஸ்துமஸ் ஒயினும் கேக்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் சுவையைவிடச் சட்டமே வலிய காரணியாக இருந்தது. தேனூறலையும் தீநீரையும் பிரித்தறிந்த மொழியில், ஊறல் என்பது ஒரு குற்றச்சொல்லாகச் சுருங்கியது இவ்வரலாற்றின் மொழிசார்ந்த சான்று. ஊறவைத்தல், நொதித்தல், வடித்தல் ஆகியவற்றை அவற்றின் இடர் நோக்கி வேறுபடுத்தும் பார்வை ஆய்விலேனும் முதலில் நிலைபெற வேண்டும். மலையின் ஆங்கிலோ இந்திய இல்லங்களில் உள்ள குறிப்பேடுகளை, அவற்றை எழுதியவர்களுக்கு இடர் நேராவண்ணம் பெயர் மறைத்துத் தொகுப்பது இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும். அக்குறிப்பேடுகளின் எழுத்து மங்கும் வேகம், சட்டம் தெளிவடையும் வேகத்தைவிட மிகுதி.