முந்தி நூலும் கொக்கி ஊசியும்

நாமக்கல் மாவட்டம் இராசிபுரம் வட்டத்திலுள்ள வெண்ணந்தூர், சேலம் சமவெளியின் நெசவூர்களுள் ஒன்று. 1997 சனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூரில் முதலில் கைத்தறியும் பின்னர் விசைத்தறியும் வாழ்வாதாரமாக விளங்கின. துணி பிறக்கும் இத்தகைய ஊர்களில் தையல் ஏன் காலந்தாழ்ந்து வந்தது என்பதை ஆராய்ந்தால், வீட்டுத் தையலுக்கும் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாப் பின்னலுக்கும் மீண்டும் திரும்புவோர் அவற்றில் காணும் ஆறுதல் எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும்.

தறியிலிருந்து அறுத்தெடுக்கப்படும் சேலையும் வேட்டியும் துண்டும் அந்த நிலையிலேயே முழு ஆடைகள். அவற்றை உடுத்துவதற்கு ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அந்த ஆடை உருவாவதற்கு ஒரு குடும்பமே உழைத்தது. சிட்டா எனப்படும் நூற்கற்றையைப் பிரித்து, குறுக்கு இழையாகிய ஊடைக்கான நூலை இராட்டையில் தாராகச் சுற்றுவது பெரும்பாலும் பெண்களின் வேலையாகவும், நீளவாக்கு இழைகளாகிய பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்துவது பலர் கூடிச் செய்யும் வேலையாகவும், குழித்தறியில் அமர்ந்து மிதியை மாற்றி மிதித்து, ஊடையைக் கொண்டுசெல்லும் நாடாவை ஓட்டுவது தறிகாரரின் வேலையாகவும் இருந்தன. நூலையும் பாவையும் முதலாளியிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ பெற்று, அவர்கள் சொன்ன அளவிலும் நிறத்திலும் நெய்து கொடுத்துக் கூலி வாங்கும் முறை பரவியபோது, வீட்டுக்குள்ளேயே உருவான துணி தொடக்கம் முதலே பிறருடையதாக இருந்தது. விசைத்தறி வந்தபின் கையின் வேலை இழை அறுந்தால் முடிவதாகவும் தார் மாற்றுவதாகவும் சுருங்கியது.

தைக்கும் கலை தமிழகத்துக்குப் புதிதன்று. தையலைக் குறிக்கும் ‘துன்னம்’ என்ற சொல்லும், தையற்காரரைக் குறிக்கும் ‘துன்னகாரர்’ என்ற சொல்லும் பழைய இலக்கியங்களில் பயின்று வருகின்றன. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலில் நிற்கும் யவனர் அணிந்த சட்டை ‘மெய்ப்பை’, அதாவது உடலை இடும் பை எனப்படுகிறது. தைத்த ஆடை காவலர்க்கும் அயலவர்க்கும் உரிய அடையாளமாக இருந்ததை இச்சொல் காட்டுகிறது. எளிய வீடுகளிலோ கிழிந்ததை ஒட்டுப்போட்டுத் தைப்பதே ஊசியின் முதன்மையான பயன்.

வீட்டுப் பெண்கள் புதிய ஆடையைத் தாமே வெட்டித் தைக்கும் வழக்கத்தின் வரலாற்றில் தென்திருவிதாங்கூருக்குத் தனி இடம் உண்டு. 1819இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், தாம் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை ஒன்றோடொன்று மாற்றிப் பின்னும் முறை அது. அதில் கிடைத்த கூலியைச் சேர்த்து, அடிமைநிலையிலிருந்த பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். அதே காலத்தில், மேலாடை அணியும் உரிமை மறுக்கப்பட்ட நாடார் முதலிய சமூகப் பெண்கள், மிஷனரிக் குடும்பப் பெண்கள் வடிவமைத்த ‘குப்பாயம்’ என்னும் தளர்ந்த சட்டையைத் தைத்து அணியத் தொடங்கியதால் தாக்குதலுக்கு ஆளாயினர். நெடுங்காலம் நீடித்த அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் பயனாக 1859இல் திருவிதாங்கூர் அரசர் சட்டை அணியும் உரிமையை அறிவித்தார். தையல் அங்கே பொழுதுபோக்காக வரவில்லை. உடலின் மானத்தைத் தானே தைத்துக்கொள்ளும் செயலாக வந்தது.

மால்ட் தம்பதியரின் மகளும் இராபர்ட் கால்டுவெல்லின் மனைவியுமாகிய எலிசா, 1844இல் நடந்த திருமணத்துக்குப் பின் இப்பின்னலை நெல்லைச் சீமையின் இடையன்குடிக்குக் கொண்டுசென்றார். லேஸோடு ஒத்த தோற்றமுடையது குரோஷா. கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த இப்பெயர், நுனி வளைந்த ஒற்றை ஊசியால் நூலைக் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துப் பின்னும் முறையைக் குறிக்கும். 1840களின் பிற்பகுதியில் அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டியபோது பல குடும்பங்களுக்குக் கஞ்சி வார்த்தது இப்பின்னல்தான். இந்தியாவில் இது பெருந்தொழிலாக வேரூன்றிய இடம் கோதாவரிக் கழிமுகத்து நரசாப்பூர். அவ்வூரின் குரோஷா லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது. எனினும், அங்கு ஆராய்ந்து 1982இல் நூல் வெளியிட்ட செருமானிய அறிஞர் மரியா மீஸ், நாள் முழுதும் பின்னிய பெண்களின் உழைப்பு ‘ஓய்வுநேர வேலை’ என்று பெயரிடப்பட்டதாலேயே அவர்களுக்கு மிகக் குறைந்த கூலி தரப்பட்டதை எடுத்துக்காட்டினார். அவர் கண்டதைக் கூலிக்கு நெய்த ஊர்கள் எளிதில் புரிந்துகொள்ளும்.

இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாக எழுதிய காந்தியடிகள் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். 1924இல் இராமச்சந்திரன் என்ற இளைஞரோடு நடத்திய உரையாடலில், கையால் தைத்துத் தைத்துச் சலித்த மனைவியின் துயரைப் போக்கவே சிங்கர் அதைச் செய்தார் என்று கூறி, அன்பிலிருந்து பிறந்த கருவியாக அதைப் போற்றினார். அந்த இராமச்சந்திரன் பிற்காலத்தில் டி. எஸ். சௌந்தரத்துடன் இணைந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார். அவ்வுரையாடலுக்கு அடுத்த ஆண்டில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தின் திருச்செங்கோட்டுப் பகுதியிலுள்ள புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியபோது, மழை பொய்க்கும் சிற்றூர்ப் பெண்களுக்கு இராட்டை வருமானம் தந்தது. நூற்பு, நெசவு, தையல் ஆகிய மூன்றும் வீட்டுக்குள் மீள வேண்டும் என்ற எண்ணம் இச்சமவெளிக்கு ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது.

1930களின் நடுப்பகுதியில் கல்கத்தாவின் ஜெய் எஞ்சினியரிங் நிறுவனம் உஷா தையல் இயந்திரத்தை உருவாக்கியபின், உள்நாட்டுப் பொறி மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வந்தது. ரவிக்கையும் பாவாடை சட்டையும் வீட்டில் தைக்கப்பட்டன. தையலிலும் ஆடை தயாரிப்பிலும் அரசு நடத்திய கீழ்நிலை, மேல்நிலைத் தேர்வுகள் ‘தையல் டீச்சர்’ என்னும் புதிய பணியைப் பெண்களுக்குத் திறந்தன. மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் சத்துணவு உண்ணும் மாணவர்களின் சீருடைகளைத் தைத்தன. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டம் ஏழைப் பெண்களுக்கு விலையின்றி இயந்திரம் வழங்கியது. பின்னர் ஆயத்த ஆடை மலிந்தபோது, வாங்குவது தைப்பதைவிட எளிதாகிப் பல வீடுகளில் அந்த இயந்திரம் உறைபோட்டு மூடப்பட்டது.

மூடிய உறையைச் சிலர் மீண்டும் திறக்கிறார்கள்; வேறு சிலர் கொக்கி ஊசியைக் கையில் எடுக்கிறார்கள். 2016 சனவரி 31 அன்று சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற அமைப்பினர், பல ஊர்களிலும் நாடுகளிலும் இருந்த பெண்கள் பின்னிய சதுரங்களை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புடைய போர்வையை உருவாக்கி, கின்னஸ் உலகச் சாதனை படைத்தனர். அப்போது உலகின் மிகப்பெரிய குரோஷாப் போர்வை அது. துணிக்குப் பஞ்சமில்லாத காலத்தில் இத்தனை கைகள் ஊசியை எடுத்ததற்குக் காரணம் அப்பின்னலின் இயல்பிலேயே உள்ளது. நெசவில் பல இழைகளை ஒரே நேரத்தில் காக்க வேண்டும். குரோஷாவில் ஒவ்வொரு பின்னலும் முடியும்போது கொக்கியில் நிற்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. பிழை நேர்ந்தால் நூலைச் சற்றே இழுக்க, வரிசை குலைந்து பழைய நூலாகிவிடும். இழப்பு ஏதுமின்றி மீண்டும் தொடங்கலாம். எண்ணிக்கையில் மனம் படிவதால் மற்றக் கவலைகள் சிறிது நேரம் ஒதுங்கி நிற்கின்றன. துணி நெய்யவும் உள்ளாடை பின்னவும் பொறிகள் வந்துவிட்ட பின்னும், குரோஷாவை முழுமையாகப் பின்னித்தரும் ஆலைப்பொறி புழக்கத்துக்கு வரவில்லை. விசைத்தறியிடம் கைத்தறி இடம் இழந்ததைக் கண்ட ஊருக்கு இது சிறிய செய்தியன்று.

ஆயினும் ஆறுதல் ஊசியில் மட்டும் இல்லை என்பதை நாகர்கோவிலும் நரசாப்பூரும் கற்பிக்கின்றன. பின்னல் வேலை ஓரிடத்தில் விடுதலைக்கு விலையாயிற்று, வேறோரிடத்தில் குறைகூலிக்குச் சாக்காயிற்று. அளவையும் நிறத்தையும் நேரத்தையும் பின்னுபவரே தீர்மானித்து, வேண்டும்போது கீழே வைக்கவும் உரிமை இருக்கும் இடத்தில்தான் கைவேலை ஓய்வாகிறது.

தறியிலிருந்து சேலையை அறுக்கும்போது முந்தி எனப்படும் முந்தானையின் ஓரத்தில் பாவு இழைகள் நெய்யப்படாமல் தொங்கும். அவற்றை முடிச்சிட்டுக் குஞ்சமாக்குவது வழக்கம். இக்காலத்தில் பட்டுச் சேலைகளின் முந்தியில் குரோஷாக் கொக்கியால் மணி கோத்துக் குஞ்சம் பின்னுவது பரவியுள்ளது. வெண்ணந்தூர் போன்ற ஊர்களில் கூலிக்கு நெய்த துணியிலும், நாடா சென்று சேராத அந்தச் சில விரற்கடை நூல் நெய்தவர் கணக்கில் வராமல் எஞ்சுகிறது. தன் மகளின் சேலைக்கு எந்த நிறத்தில், எத்தனை கண்ணியில் குஞ்சம் பின்னுவது என்பதை அங்கே ஒரு தாய் தானே முடிவு செய்கிறாள்.