நொய்யற்கரை மணிகள்

கோடைக்காலத்தில் காங்கேயத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் பிரயாணம் செய்கிறவர்க்குக் கொங்குநாட்டின் இந்தப் பிரதேசம் வறட்சியின் சொந்த வீடாகவே தோன்றும். கிளுவை வேலி அடைத்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களும், அவற்றினுள் காய்ந்து வெளிறிய கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல மரத்தின் சொற்ப நிழலில் ஒதுங்கி நிற்கும் காளைகளும், சரளை விரவிய செம்மண்ணுமே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை விரிந்து கிடக்கும். காவிரிக் கழனிகளைக் கண்டு பழகியவர், இந்த நிலத்துக்கு என்ன சரித்திரம் இருந்துவிடப் போகிறது என்று கடந்து போய்விடக் கூடும். ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரிச் சீமான்களும் சீமாட்டிகளும் பெருவிலை கொடுத்து அணிந்த மணிக்கற்களை ஈன்ற நிலங்களுள், நெல்லுக்கு உதவாத இந்த மேட்டுநிலம் முக்கியமான ஒன்றாக இருந்தது. விளைந்து முடிந்த மணிகள் கடல் கடந்து போய்விட்டன. உடைந்தவையும் பிசகியவையும் சில்லுகளுமே ஊரில் தங்கின. இந்தத் தொழிலின் சரித்திரத்தை நமக்குச் சொல்லுகின்றவை பெரும்பாலும் அந்தக் கழிவுகளே என்பதை மனத்தில் கொண்டுதான் இதனைப் படிக்க வேண்டும்.

கொறங்காட்டில் சிறிது தூரம் நடந்தால் காலில் இடறுவது வெங்கச்சங்கல். பாலைப்போல் வெளுத்த இந்தக் கல்லோடு, வெயிலில் மின்னும் காக்காப்பொன் தகடுகளும், வெளிர் சிவப்பான பெல்ஸ்பார் கட்டிகளும் சேர்ந்து கிடக்கும் இடங்கள் உண்டு. பூகர்ப்ப சாஸ்திரம் அறிந்தவர் அத்தகைய இடத்தைக் கண்டதும் நின்று குனிந்து பார்ப்பார். ஏனெனில் இம்மூன்றும் பெரும் பெரும் படிகங்களாகக் கூடிய பெக்மடைட் என்னும் பாறை, அபூர்வமான மணிகளின் தாய்வீடு. பூமியின் ஆழத்தில் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது, சாதாரணத் தாதுக்களின் கட்டமைப்பில் இடம் கிடைக்காத மூலகங்கள் கடைசிவரை திரவத்திலேயே ஒதுங்கி நிற்கின்றன. அணு மிகச் சிறிதாக இருப்பதால் எந்தக் கட்டிலும் பொருந்தாத பெரிலியம் அவற்றுள் ஒன்று. நீராவி மிகுந்த அந்தக் கடைசிக் குழம்பு, பழைய பாறைகளின் வெடிப்புகளில் புகுந்து மெல்ல ஆறுகையில், பாகு நிறைந்த பாத்திரத்தில் கற்கண்டு கட்டுவதுபோல ஆறு பட்டைகள் கொண்ட நீண்ட தூண்களாகப் பெரில் என்னும் மணி வளர்கிறது. அதில் இரும்பின் சுவடு கலந்தால் ஆழமில்லாத கடல்நீரின் நீலப்பச்சை நிறம் வருகிறது. குரோமியம் கலந்தால் அதே தாது மரகதமாகிறது. காங்கேயத்துக்கு அருகிலுள்ள படியூரில் கிடைத்தது கடல்நீர் நிறத்துப் பெரில்.

இந்தக் குழம்பு புகுவதற்கு வழி ஏது என்று கேட்டால், விடை நம்மைப் பாலக்காட்டுக் கணவாய்க்கு அழைத்துச் செல்லும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கு நோக்கி மதிலாக ஓடிவந்து, கோயம்புத்தூருக்கு மேற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி வழிவிடுவது எல்லாரும் அறிந்தது. பூமியின் பண்டைய மேலோட்டுத் துண்டங்கள் நெருக்குண்டு, நொறுங்கி, மீண்டும் ஒட்டிக்கொண்ட நெடிய வடு ஒன்று அக்கணவாயிலிருந்து காவிரிச் சமவெளி வரை கிழக்கு மேற்காகச் செல்கிறது என்றும், கணவாய் அந்த வடுவின்மேல் அமைந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். காங்கேயமும் சிவன்மலையும் அந்த மண்டலத்துக்குள்ளேயே இருக்கின்றன. மணிகள் பிறந்த நிலமும், பின்னொரு காலத்தில் அம்மணிகளை மேற்குக் கடற்கரைக்குக் கொண்டு செல்ல வழி திறந்த கணவாயும் ஒரே வடுவின்மேல் அமைந்திருப்பதை நினைக்குந்தோறும் எனக்குப் பெருவியப்பு உண்டாகிறது.

சிவன்மலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முருகன் கோயில் கொண்ட இந்தக் குன்றில், பக்தர் ஒருவரின் கனவில் தோன்றி ஆண்டவன் உத்தரவிட்ட பொருளை, சந்நிதியில் பூக்கேட்டு உறுதி செய்துகொண்டு, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜிக்கும் வழக்கம் உண்டு. மண்ணும் நீரும் நெல்லும் அவ்வாறு பெட்டியில் இருந்திருக்கின்றன. குன்றின் பாறையோ தென்னாட்டில் எளிதில் காணக் கிடைக்காதது. நாம் சாதாரணமாகக் காணும் கருங்கல்லில் மணற்சத்தான சிலிக்கா மிகுந்து வெங்கச்சங்கல்லாகத் திரளும். சிவன்மலையின் சையெனைட் என்னும் பாறையிலோ சிலிக்கா குறைவு. ஏறத்தாழ 59 கோடி ஆண்டுகளுக்கு முன் அது உறைந்தபோது, சேர்ந்துகொள்ளச் சிலிக்கா போதாமல் மிஞ்சிய அலுமினியச் சத்து, சில இடங்களில் தனித்து நின்று குருந்தக்கல்லாக உறைந்தது. வைரத்துக்கு அடுத்தபடி கடினமான இயற்கைக் கல் குருந்தம்; அதில் இரும்பும் டைட்டேனியமும் சிறிது கலந்து, தெளிவும் கூடினால் அதுவே நீலம். இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து 1901-இல் இந்தப் பாறைகளைக் குறித்து விரிவான நூல் எழுதியதிலிருந்து, சிவன்மலையின் பெயர் உலகப் பாறையியலில் இடம்பெற்றது. நீலமாகத் தகுதி பெறாத மங்கிய குருந்தமும் வீண் போகவில்லை. அதனைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் செய்த சாணையில்தான் தென்னாட்டார் வெகுகாலம் மணிகளுக்குப் பட்டை தீட்டினார்கள். ஆக, தீட்ட வேண்டிய கல்லும் தீட்டும் கல்லும் அருகருகே கிடைத்த தேசம் இது.

அந்தத் தீட்டுகிறவர்களின் ஊர் சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்ற ஊரின் அணிகலன்களைச் சிறப்பித்துப் பாடியிருக்கிறார்கள். ஆயினும் அந்த ஊர் எது என்பதை மண்ணே எடுத்துச் சொல்ல, 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வுகள் வேண்டியிருந்தன. எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலிய அறிஞர்கள் அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகளும், கல்வளையம் சூழ, துளையுடைய பலகைக் கற்களால் அமைந்த ஈமக் கல்லறைகளும் வெளிப்பட்டன. ஒரு கல்லறையில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. சூதுபவளமும் அகேட்டும் மேற்கு இந்தியாவின் எரிமலைப் பாறை நாட்டிலிருந்தும், ஆழ்நீல லாபிஸ் கல் ஆப்கானிஸ்தானத்துப் படக்ஷானிலிருந்தும் வரவேண்டியவை. பெரிலும் நீலமும் ஸ்படிகமும் உள்ளூர்ச் சரக்கு. இத்தனையும் ஒரே ஊரின் மண்ணில் கலந்து கிடந்தன என்றால், அங்கே கூடியிருந்த கைகளின் பழக்கத்தையும் அந்தக் கைகளை நம்பி வந்த வணிகத்தின் நீளத்தையும் ஒருவாறு ஊகிக்கலாம்.

கழிவுகள் பேசுவது இங்கேதான். ஒரு மணி உருவாகும் படிகள் அனைத்தும் கொடுமணலில் தனித்தனியே அகப்பட்டிருக்கின்றன: சுத்தியால் தட்டி உத்தேச வடிவுக்குக் கொணர்ந்த கட்டி, தேய்த்து உருட்டிய மணி, மெருகேறியும் துளைபடாத மணி, துளைக்கும்போது பிளந்துபோன மணி. துளையிடுதல்தான் இவற்றுள் மிகக் கடினமானது. வில்லால் இழுத்துச் சுழற்றும் துரப்பணத்தைக் கொண்டு, ஒரு முனையிலிருந்து பாதி தூரமும் மறுமுனையிலிருந்து பாதி தூரமும் குடைந்து, இரு துளைகளையும் கல்லின் நடுவே சந்திக்கச் செய்ய வேண்டும். கல்லின் உள்ளே கண் செல்லாது. கைக்கு எட்டும் அதிர்வும் கல் எழுப்பும் ஒலியுமே வழிகாட்டி. கோணம் ஓர் இழை பிசகினால் இரு துளைகளும் ஒன்றையொன்று பாராமல் விலகிப் போகும். அழுத்தம் சிறிது மிகுந்தால், பல நாள் தேய்த்த மணி இரண்டாகும். அப்படி இரண்டான மணி ஒன்றின் உட்புறத்தில், துரப்பண முனை சுற்றிச் சுற்றி இறங்கிய வளையக் கீறல்கள் தெளிவாகத் தெரியும். முழுமையான எந்த மணியும் காட்ட முடியாத காட்சி அது. செய்தவனுக்கு நஷ்டம், நமக்கோ அவனுடைய வித்தை முழுவதும் அந்தப் பிளவில் திறந்து கிடக்கிறது.

ரோமாபுரியில் இந்தக் கற்களைப் பற்றி எழுதியவர் பிளினி. கி.பி. 79-இல் வெஸூவியஸ் எரிமலை சீறியபோது உயிர்நீத்த அவர், தம்முடைய இயற்கைச் சரித்திர நூலின் முப்பத்தேழாம் காண்டத்தை மணிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். பெரில் இந்தியாவில் அல்லாமல் வேறெங்கும் அரிதாகவே கிடைக்கிறது என்றும், சுத்தமான கடலின் பசுமையை ஒத்ததே அவற்றுள் உத்தமமானது என்றும், இந்தியர் நீளமான பெரில்களில் தனிப்பிரியம் கொண்டு அவற்றைத் துளைத்து யானை மயிரில் கோத்து அணிகிறார்கள் என்றும் அவர் கூறுகிறார். பெரிலின் ஆறு பட்டைகள் கைவினைஞர் தீட்டியவை என்று ஒரு சாராரும், இயல்பாகவே அப்படி வளர்பவை என்று மற்றொரு சாராரும் அக்காலத்தில் வாதித்ததையும் குறித்திருக்கிறார். இரண்டிலும் உண்மை இருந்தது: பட்டைகள் இயற்கை தந்தவை; அவற்றின் ஒளி சாணை தந்தது. ஸ்படிகத்துக்குச் சாயமேற்றிப் பெரிலென்று விற்கும் தந்திரமும் இந்தியருக்குத் தெரியும் என்று அவர் சொல்வதை நான் மறைக்க விரும்பவில்லை. போலி செய்வது லாபமாகும் அளவுக்கு மெய்க்கல்லின் விலை உயர்ந்திருந்தது என்பது அதிலிருந்து பெறப்படும் செய்தி. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை ரோம சாம்ராஜ்யத்திலிருந்து ஈர்த்துக்கொள்கிறது என்று மனம் வெதும்பியவரும் அதே பிளினிதான்.

அந்த நாணயத்தில் ஒரு பங்கு எங்கே வந்து சேர்ந்தது என்பதைக் கொங்கு மண் காட்டிக்கொடுத்தது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 522 ரோம வெள்ளிக் காசுகளும், கொடுமணலுக்குச் சமீபமான கத்தாங்கண்ணியில் 1913-இல் 233 காசுகளும் புதையலாகக் கிடைத்தன. இப்பகுதிப் புதையல்களில் மிகுதியாக இருப்பவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் இரு சக்கரவர்த்திகளின் காசுகள். துறைமுகமும் தலைநகரும் அல்லாத இடங்களில், கடலிலிருந்து இத்தனை தூரத்தில், இவ்வளவு ரோமப் பணம் ஏன் குவிந்தது என்ற கேள்வியை எடுத்துக்கொண்ட சரித்திர ஆராய்ச்சியாளர் ராபர்ட் ஸீவெல், 1904-இல் எழுதிய கட்டுரையில், காசு கிடைத்த ஊர்களையும் பெரில் கிடைத்த இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, படியூர்ச் சுரங்கத்தைக் குறிப்பிட்டு விடை சொன்னார். கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஊகம் அது. மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறியிலிருந்து கணவாய் வழியாக வந்து, வெள்ளலூரைத் தொட்டு, நொய்யலைப் பற்றிக்கொண்டு கரூருக்குச் சென்ற பெருவழியில் கொடுமணல் நட்டநடுவே நின்றது என்பது பின்னால் தெளிவாயிற்று.

கடல் கடந்த பெரில்களின் கதி என்ன ஆயிற்று என்று அறிய ஆசைப்படுகிறவர்க்கு ஒரே ஒரு கல்லைக் காட்டலாம். டைட்டஸ் சக்கரவர்த்தியின் மகளான ஜூலியாவின் திருமுகத்தை, ஏவோதாஸ் என்ற கிரேக்கச் சிற்பி கடல்நீர் நிறத்துப் பெரில் ஒன்றில் உட்குழிவாகச் செதுக்கித் தன் பெயரையும் பொறித்தான். பின்னர் அக்கல், சார்லிமேனின் பெயரால் வழங்கிய பொற்பேழை ஒன்றின் உச்சியில் அமர்ந்து, பாரிஸை அடுத்த புனித தெனீ மடத்தில் நூற்றாண்டுகள் பல இருந்தது. கன்னி மரியாளின் உருவம் என்று பக்தர்கள் அதனை வணங்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் பேழையின் பொன் உருக்கப்பட்டது. உச்சிக்கல் மட்டும் தப்பிப் பிரான்ஸின் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. அது பிறந்த பாறை படியூர்ப் பாறையே என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் பிளினியின் சொல்லை நம்பினால், இந்திய மண்ணில் பிறந்திருப்பதற்கே நியாயம் அதிகம்.

ரோம வாணிபம் தளர்ந்தபின் கொடுமணலின் பட்டறைகள் ஓய்ந்தன. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டுகளுக்குப் பின் அந்த ஊர் மேட்டில் மணித்தொழிலின் சுவடு இல்லை. படியூர்க் கல் மீண்டும் எழுத்தில் ஏறுவது 1819–20-ஆம் ஆண்டில். ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே சுரங்கம் நடத்தி அந்த ஓராண்டில் எடுத்த கற்கள் 2,196. அவற்றுக்கு இட்ட மதிப்பு 1,201 பவுன். ஒரு கல்லைச் செதுக்கியவர் யார், தீட்டியவர் யார் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. கொடுமணல் ஓடுகளில் அதற்கு இடம் இருந்தது: கண்ணன் ஆதன், சம்பன் சுமணன், பண்ணன் என்று தத்தம் பாத்திரங்களில் பெயர் கீறி வைத்தவர்களும், வணிகக் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற சொல்லை எழுதியவர்களும் அவ்வூரில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுள் தமிழரும் உண்டு, வடபுலத்துப் பெயர் தாங்கியவர்களும் உண்டு. துரப்பணத்தைப் பிடித்த கை இவருள் எவருடையது என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கு வழியில்லை. ஆனால் அகழ்ந்து பார்த்திருப்பது ஊரின் ஒரு பகுதிதான். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அண்மை ஆண்டுகளில் மீண்டும் அங்கே குழிகள் வெட்டியிருக்கிறார்கள். சல்லடையில் சலித்த மண்ணிலிருந்து மணிகளும் சில்லுகளும் அப்போதும் வந்தன.