தாங்கலில் தங்கியவர் யார்?

வேடர் தங்கிய ஊர் வேடந்தாங்கலாம். இப்போது பறவைகள் வந்து தங்குவதால் பெயர் இன்னும் பொருந்துகிறதாம். சுற்றுலாக் கையேடுகள் எழுதிவிட்டுப் போகட்டும். தமிழ் கற்றவர்களும் இதையே சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது. 'தங்கு' என்பதிலிருந்து பிறப்பது 'தங்கல்'. தகரம் நெடிலானது எந்த விதியால்? ஐயப்பன்தாங்கலில் தங்கியவர் ஐயப்பனா?

தாங்கல் என்றால் சிற்றேரி. தொண்டை நாட்டு வழக்கு. குளத்தைப்போல் இதை அகழ்வதில்லை. சரிந்த நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் பிறைபோல் வளைத்து மண்கரை போடுவார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். மழைநீர் அவ்வழியே ஓடிவந்து கரையில் முட்டி நிற்கும். கரை நீரைத் தாங்குகிறது. கரையின் தொழிலே நீர்நிலையின் பெயராயிற்று.

தொல்காப்பியப் புறத்திணையியலில் வஞ்சித் துறைகளைப் பாருங்கள். பொங்கிவரும் படையைத் தனியொருவனாக எதிர்த்து நிற்பவனுக்கு அங்கே உவமை, வெள்ளத்தை மறிக்கும் கற்சிறை. ஆசிரியர் ஆண்ட வினை 'தாங்குதல்'. இதற்கு மேல் சான்று கேட்பவர் வழக்காடவே வந்தவர்.

தெற்கே, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம், இத்தகைய சிறு நீர்நிலைக்கு 'ஏந்தல்' என்று பெயர். ஏந்து–ஏந்தல், தாங்கு–தாங்கல்: இரு நாட்டாரும் ஒரே கருத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். அரசனைக் குறிக்கும் ஏந்தல் உயர்ச்சிப் பொருளில் வந்தது. அது வேறு கிளை.

அய்யாவழியாரின் வழிபாட்டிடமான நிழல்தாங்கலைச் சிலர் எதிர்ச்சான்றாகக் காட்டுவர். அங்கும் நெடில் நெடிலாகவே இருக்கிறது. திருத்தங்கலைக் காட்டுவதும் பயன்படாது. திருமகள் தங்கியதால் அப்பெயர் என்பது தலபுராணக் கதை. சங்கப் புலவர் பெயர்களில் அவ்வூர் தங்கால், ஆழ்வார் வாக்கில் தண்கால். மனத்தாங்கலில் மட்டும் யார் தங்குகிறார்கள்?

இனி முன்சொல். உத்திரமேரூர் போன்ற ஊர்களில் பேரேரியைப் பார்க்க ஏரி வாரியம் இருந்தது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டே அதைச் சொல்லும். சிற்றேரிக்கு வாரியம் எதற்கு? நாலைந்து வயலுக்குப் பாயும் நீரைத் தேக்க ஒரு குடும்பம் கரை போட்டால் போதும். அதனால்தான் தாங்கலுக்கு முன்னே ஆள் பெயர் வந்து நிற்கிறது. வேடந்தாங்கல் ஊரார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்ததும், எச்சம் கலந்த நீர் நெல்லுக்கு உரமாகும் என்று அறிந்துதான். பாசனத்துக்காக எழுந்த கரை, பாசனத்துக்காகவே பறவையையும் காத்தது.

வேடன் உடையவன்; தாங்கல் அவன் உடைமை. என் துணிபு இதுவே.